ரவிவர்மா அச்சகப் படம் ஏலத்துக்கு வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த வாரம் ஓர் இணைய ஏலத்தில் ரவிவர்மா அச்சக லட்சுமி ஓலியோகிராஃப் (எண்ணெய் ஓவியம்போல் தோன்றும் பல வண்ணக் கல் அச்சுப் படம்) வருகிறது. சுமார் 20க்கு 14 அங்குலம், தேக்குச் சட்டம். செட்டிநாட்டு வீடுகளில் செய்வதுபோல் புடவை மேல் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவு அழகு.

முகத்தை மட்டும் 10 மடங்கு லென்ஸில் எடுத்த படம் கேட்டு வாங்கினேன். கன்னத்தில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், அளவு மாறி, நிறத்தின் மேல் நிறமாக விழுந்திருக்கின்றன. கல் அச்சு இப்படித்தான் இருக்கும். ஆஃப்செட் மறுபதிப்பில் புள்ளிகள் வரிசை பிடித்து, சின்னச் சின்னப் பூப்போல வட்டம் கட்டும். ஆக, அச்சு பழையதுதான்.

குழப்பம் கீழ் ஓரத்தில். அச்சகப் பெயர் வரும் வெள்ளை விளிம்பைச் சட்டத்துக்காக வெட்டிவிட்டார்கள். 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பிறகு லோனாவ்லா பக்கம் மளவ்லிக்குப் போனது. அந்த ஒரு வரி இல்லாமல் எந்தக் காலத்து அச்சு என்று கண்டுபிடிக்க வழி உண்டா? வேறு அச்சகங்கள் போட்ட நகலாக இருக்குமோ என்ற பயமும் இருக்கிறது. விளிம்பு வெட்டாத லட்சுமி வைத்திருப்பவர்கள் தாமரை, யானை இருக்கும் இடத்தை நெருக்கமாகப் படமெடுத்துப் போட்டால் ஒப்பிட்டுவிடலாம்.

இன்னொன்று. பின்பக்கம் முழுக்க மில் போர்டில் ஒட்டியிருக்கிறது. அட்டையின் அமிலம் ஏறி ஓரம் பழுத்து, தொட்டால் பொடியும் நிலை. தண்ணீர் காட்டிப் பிரித்தால் சமிக்கி ஒட்டிய பசை முதலில் கரைந்துவிடும். உலர்முறையில் அட்டையை அடுக்கடுக்காகச் சீவி எடுக்கும் காகிதப் பாதுகாப்பாளர் சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் சொல்லுங்கள். அந்தச் செலவு தெரிந்தால்தான் எதுவரை கேட்கலாம் என்று முடிவு செய்ய முடியும். கேட்பு விலைக்கு மேல் 20 சதவீதம் கமிஷன், அதற்கு வரி வேறு.