ஜாக் ரஸ்ஸலும் நாட்டுக்கோழியும் ஒரே வீட்டில்: பாலக்கோடு பக்கம் சரிப்படுமா?

பாலக்கோட்டான்:
வணக்கம். கிராமத்துத் தனி வீடு. நாலடி காம்பவுண்டு, பின்னால எட்டு நாட்டுக்கோழி, அதை ஒட்டி பட்டுப்புழு வளர்க்கிற மனை. எலித் தொல்லையும் உண்டு. அஞ்சாறு கிலோவைத் தாண்டாத நாய் வேணும். ஜாக் ரஸ்ஸல் டெரியரா, யார்க்‌ஷயர் டெரியரா? பெங்களூர்ல ஒருத்தர் 40 நாள் குட்டி தர்றேங்கிறார், வாங்கலாமா? களி போட்டு வளர்க்க முடியுமா? வெயில் தாங்குமா?

விறகுக்கட்டை:
40 நாள் குட்டி வேண்டாங்க. 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதிப்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. எவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்னு குட்டி கத்துக்கிறது கூடப்பிறந்ததுகளோட விளையாடும்போதுதான். முன்னாடியே பிரிச்சா டெரியர் பல்லு கையில ஏறும்.

நேர்ல போய்த் தாய் நாயைப் பாருங்க. அது ஆளைக் கண்டு பதுங்கினாலோ சீறினாலோ திரும்பி வந்துடுங்க. குட்டியைத் தனியா விட்டு, அது பார்க்காதப்போ பின்னால கை தட்டுங்க. வெள்ளை அதிகமுள்ள ஜாக் ரஸ்ஸல்ல பிறவிச் செவிடு வரும். ஒரு காது மட்டும் கேட்கலைன்னா கைத்தட்டல்ல பிடிபடாது, அதுக்கு, சத்தம் மூளைக்குப் போகுதான்னு கருவி வெச்சுப் பார்க்கிற பேயர் (BAER) டெஸ்ட்தான். ஓடுறப்போ பின்னங்காலை ரெண்டு எட்டு தூக்கிட்டு மறுபடி ஊனுதான்னும் பாருங்க. முட்டிச் சிப்பி விலகுற கோளாறு சின்ன ஜாதிகள்ல சகஜம். கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) ஜாதிப் பதிவுப் பேப்பர் தந்தா அதிலுள்ள மைக்ரோசிப் நம்பரை ஸ்கேனர் வெச்சு ஒத்துப் பாருங்க.

யார்க்‌ஷயருக்கு 3 கிலோதான் அளவு. முடி வளர்ந்துகிட்டே இருக்கும், தினம் சீவணும். குட்டியில சாப்பாடு தள்ளிப்போனா சர்க்கரை இறங்கிச் சுருண்டுடும். ‘டீகப்’னு சொல்லி விற்கிறதைத் தொடவே தொடாதீங்க. கிராமத்து வாசலுக்கு வழவழ முடி ஜாக் ரஸ்ஸல்தான் தோது, ஆனா கோழி விஷயத்துல அது ஆகவே ஆகாது. நரியைப் பொந்துல இருந்து கிளப்புறதுக்குன்னே டெவன் பாதிரியார் ஜான் ரஸ்ஸல் 19ஆம் நூற்றாண்டுல உருவாக்கின வழி அது. ‘குட்டியில இருந்தே பழக்கினா சரியாயிடும்’னு சொல்லுவாங்க. நீங்க பார்த்துட்டு நிக்கிற வரைக்கும் சரி.

கூண்டுக்குக் கோழி வலை பத்தாது, பல்லால கிழிச்சிடும். வெல்டு மெஷ் போடுங்க. அடியில ஒன்றரை அடி கம்பியை நாய் நிக்கிற பக்கமா எல் வடிவுல மடக்கி, தரையோட படுக்க வெச்சு மண் மூடுங்க. டெரியர் வேலி ஓரத்துல கால் வெச்சுத்தான் தோண்டும், தோண்டினா கம்பிதான் கிடைக்கும். செங்குத்தா மட்டும் புதைச்சா அதுக்கும் அடியில போயிடும்.

ஒரு_உருண்டை_களி:
களி மட்டும்னா புரதமும் கொழுப்பும் பத்தாது. 5.5 கிலோ வளர்ந்த நாய்க்கு நாளைக்குச் சுமார் 400 கலோரி வேணும். வேகவெச்ச எலும்பில்லாத கோழி 100 கிராம், ஒரு முட்டை, 30 கிராம் ராகி மாவுல கிண்டின களி, கொஞ்சம் பூசணி, ஒரு ஸ்பூன் எண்ணெய்: கணக்கு கிட்ட வந்துடும். கறியில கால்சியம் ரொம்பக் கம்மி, அதனால டாக்டர் சொல்ற பவுடர் கட்டாயம். 10 மாசம் வரைக்கும் குட்டிகளுக்கான தீவனமே போடுங்க, அதுவரைக்கும் இந்த வீட்டுச் சாப்பாடு வேண்டாம்.

வெங்காயம் போட்ட குழம்பு, திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு கூடாது. மாங்காய் சீசன்ல கொட்டையைக் கண்ணுல காட்டாதீங்க. குடல்ல அடைச்சா தொடர்ந்து வாந்தி, வெளிக்கிப் போகாது, முதுகைக் கூனிட்டு நிக்கும். பெரும்பாலும் ஆபரேஷன்தான். உப்புத் தண்ணி கரைச்சு ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க. குடிக்கிறதுக்கு, ஃபுளோரைடு உள்ள போர் தண்ணி வேண்டாம், வீட்டுல எல்லாரும் குடிக்கிற ஒகேனக்கல் தண்ணியே ஊத்துங்க.

உண்ணி_வேட்டை:
எலிதான் நோக்கம்னா ஒண்ணு: நாய் வர்ற அன்னைக்கே எலி மருந்தை எடுத்துடணும். புரோமடியோலோன்கிற எலி மருந்து கேக் தின்னா அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. மூணு நாலு நாள் கழிச்சு ஈறு வெளுத்து, மூக்குல ரத்தம் வரும். செத்த எலியைத் தின்னாலும் ஆபத்து. மருந்து அட்டையைத் தூக்கிப் போடாதீங்க, எந்த விஷம்னு தெரிஞ்சாதான் வைட்டமின் கே1 போடணுமா, எத்தனை வாரம்னு முடிவு செய்ய முடியும். எலி மூத்திரத்துல லெப்டோங்கிற எலிக்காய்ச்சல் பரவும், தடுப்பூசியில லெப்டோ சேர்ந்திருக்கான்னு கேட்டு வாங்குங்க. 6-8 வாரத்துல தொடங்கி 3-4 வாரத்துக்கு ஒண்ணுன்னு 16 வாரம் வரைக்கும் போடணும். 3 மாசத்துல ரேபிஸ், அப்புறம் வருஷா வருஷம்.

உண்ணி காதுக்குள்ள, விரலிடுக்குல, கழுத்துப் பட்டைக்கு அடியில இருக்கும். பெட்டை உண்ணி ரத்தம் குடிச்சு ஊதினதும் இறங்கிப் போய்ச் சுவர் வெடிப்புல முட்டை வைக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டா ரெண்டு வாரத்துல மறுபடி ஏறிடும், வெடிப்பைச் சிமெண்ட் வெச்சு அடைங்க. ஆனா உங்க வீட்டுல புழு மனை இருக்கே! டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் ஸ்ப்ரே துளி பட்டாலும் பட்டுப்புழு செத்துடும். அதனால எடைக்கு ஏத்த மெல்லும் மாத்திரைதான் உங்களுக்குச் சரி. வயல் மருந்தைக் கரைச்சுக் குளிப்பாட்டுற வழக்கம் இருக்கு, அது நாயையே கொன்னுடும்.

சித்திரை, வைகாசியில காலை 6:30க்குள்ள, சாயங்காலம் 7க்கு மேல நடத்துங்க. புறங்கையைத் தார் ரோட்டுல 5 நொடி வைக்க முடியலைன்னா அதால நடக்க முடியாது. தகரக் கூரை வேண்டாம். மயங்கினா சாதா தண்ணியில நனைச்சு ஃபேன் போட்டுக்கிட்டே டாக்டரிடம் கிளம்புங்க.

பாலக்கோட்டான்:
ரொம்ப நன்றிங்க. கேட் அடியில அஞ்சு அங்குலச் சந்து இருக்கு. நாலடிச் சுவர் போதுமா?

விறகுக்கட்டை:
அஞ்சு அங்குலத்துல குட்டி சர்ருனு போயிடும், ரெண்டுக்குள்ள இருக்கிற மாதிரி பட்டை வெல்டிங் பண்ணிடுங்க. நாலடி ஜாக் ரஸ்ஸலுக்கு ஒரு விஷயமே இல்லை, மேல ரெண்டடி வலை கட்டுங்க. சுவர் ஓரம் விறகு, தேங்காய் மட்டை அடுக்கி வெச்சிருந்தா முதல்ல அதை நகர்த்துங்க, அதுவே ஏணி. மூலையில மூணுக்கு மூணு அடி மணல் குழி ஒண்ணு விட்டுடுங்க, தோண்டுற ஆசையை அங்க தீர்த்துக்கட்டும்.