மெத்தா தியானம்: எனக்கு முட்டிய இடம்

(மெத்தா என்றால் எல்லோரும் நலமாக இருக்கட்டும் என்று அன்போடு நினைக்கும் பௌத்த தியானம். அதில் தங்களுக்கு முட்டிய இடத்தை மூன்று பேர் எழுதுகிறார்கள்.)

மகாராஷ்டிரத்து இகத்புரியில் இருக்கும் தம்மகிரி மையத்தில் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்கு நான் போனது ஞானம் தேடி அல்ல. வீடு யாருக்கு என்ற சொத்துத் தகராறு முற்றி அண்ணனோடு பேச்சு நின்றிருந்தது. கொஞ்ச நாள் போன் இல்லாமல் இருந்தால் போதும் என்றுதான் கிளம்பினேன். விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். மாலை 5 மணிக்குப் பழமும் தேநீரும், அதோடு சரி. பத்தாம் நாள் காலை மெத்தா பாவனை சொல்லித் தந்த பிறகுதான் வாய் திறக்கலாம்.

எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று நினைப்பதில் எனக்குச் சிரமமே இல்லை. எல்லா உயிரும் என்றால் குறிப்பாக யாரும் இல்லையே! அண்ணன் முகம் வந்ததும்தான் தொண்டை அடைத்தது.

ஊருக்கு வந்து விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்த தியான நூலைப் புரட்டியபோது, வரிசையையே மாற்றிவிட்டேன் என்று புரிந்தது. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் இருந்து புத்தகோசர் எழுதியது. அதன்படி மெத்தா முதலில் தனக்கு, அப்புறம் மதிப்புக்குரியவருக்கு, நெருங்கிய நண்பருக்கு, நமக்கு விருப்போ வெறுப்போ இல்லாத ஒருவருக்கு, கடைசியில்தான் பகைவருக்கு. தன்னிடமே நூறு வருடம் மெத்தா செய்தாலும் ஆழ்ந்த தியானம் கைகூடாது என்றும் அவரே சொல்கிறார். பிறகு எதற்கு? சாட்சிக்கு. நான் சுகம் வேண்டி, துன்பத்துக்குப் பயப்படுவதுபோலத்தானே மற்றவரும்.

‘நான் நலமாக இருக்கட்டும்’ என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. மூன்று மாதம் ஆயிற்று. எனக்கு என்னதான் வேண்டும் என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். அந்த வீடு வேண்டும் என்று பதில் வரவில்லை. போன் அடித்தால் வயிறு கலங்காமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

* * *

எனக்குப் பகைவர்கூடப் பரவாயில்லை, விருப்பும் வெறுப்பும் இல்லாத அந்த நடு ஆள்தான் கஷ்டம். எங்கள் அடுக்ககத்துக் காவலாளியை எடுத்துக்கொண்டேன். கண்ணை மூடினால் சீருடை வருகிறது, முகம் வரவில்லை. மறுநாள் நின்று பார்த்தேன். இடது காதில் கேட்கும் கருவி மாட்டியிருக்கிறார். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை என்று நாலு வருடமாக நான் குறை சொன்னது இவரைத்தான்.

* * *

முதலில் எழுதிய அண்ணாவுக்கு: அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. உதானம் என்ற பௌத்த நூலில் கோசல நாட்டு மன்னர் பசேநதி, உன்னைவிட உனக்குப் பிரியமானவர் உண்டா என்று தன் அரசி மல்லிகா தேவியிடம் கேட்கிறார். இல்லை என்கிறாள், தனக்கும் அப்படித்தான் என்கிறார் மன்னர். புத்தர் இருவரையும் கண்டிக்கவில்லை. எல்லோருக்கும் தன்னுயிர் அப்படியே, அதனால் தன்னை நேசிப்பவர் பிறரைத் துன்புறுத்தக் கூடாது என்கிறார்.

எனக்கு முட்டிய இடம் வேறு. மெத்தாவுக்குத் தூரத்து எதிரி வெறுப்பு, பக்கத்து எதிரி பற்று என்று விசுத்திமக்கம் சொல்கிறது. பக்கத்து எதிரி அன்பின் வேஷத்திலேயே வரும். விடுதியில் இருக்கும் மகளுக்குத் தினமும் மூன்று தடவை போன் பண்ணி ‘சாப்பிட்டியா’ என்று கேட்பேன். அவள் பசிக்காகவா, என் பதற்றத்துக்காகவா?

நேற்று பண்ணாமல் இருந்து பார்த்தேன். இரவு 10 மணிக்கு அவளே கூப்பிட்டாள். “என்னம்மா, உடம்பு சரியில்லையா?”