வேனுக்கு வெளியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது எதையெல்லாம் பார்க்கணும்?

பாளை வண்டிக்காரன்:

பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்பக்கம் முழுக்கப் படுக்கை, சின்ன அடுப்படி, ஒரு டன் ஏசி எல்லாம் போட்டு வைத்திருக்கிறோம். கரண்ட் எடுக்கப் பக்கவாட்டில் 16 ஆம்ப்ஸ் இன்லெட், உள்ளே லோடு கூடினால் தானே விழுகிற எம்சிபி சுவிட்ச் ஒன்று, அவ்வளவுதான். சாரல் சமயத்தில் குற்றாலம், மற்ற நாட்களில் பாபநாசம், மணிமுத்தாறு, உவரி என்று குடும்பத்தோடு போகும்போது லாட்ஜ், சொந்தக்காரர் வீடு, தோட்டத்து மோட்டார் ரூம் என்று கிடைத்த இடத்தில் சொருகிக்கொள்வோம். போன வாரம் களக்காடு பக்கம் ஒரு தோப்பில் மோட்டார் ரூமிலிருந்து எடுத்தோம். டெஸ்டர் வைத்தேன், நன்றாகவே எரிந்தது. ஃபேன், லைட் எல்லாம் ஓடியது. தூறல் விழுந்த பிறகு அம்மா வெறுங்காலோடு வந்து கதவுப் பிடியைத் தொட்டார்கள், சுரீரென்று அடித்துவிட்டது. செருப்பு போட்டிருந்த எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் கிடந்தோம். கோளாறு வண்டியிலா, தோப்பு லைனிலா? தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டால் "டெஸ்டர் எரியுதுல்லா, பெறவு என்ன?" என்கிறார்.

விகேபுரம் வயர்மேன்:

தம்பி, அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். டெஸ்டர் எரிந்தால் அந்த ஓட்டையில் கரண்ட் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி ஒழுங்கா, எர்த் இருக்கிறதா, இதையெல்லாம் டெஸ்டர் சொல்லாது.

வண்டி நாலு ரப்பர் டயர் மேல் நிற்கிறது, பூமியோடு அதற்கு ஒட்டே கிடையாது. ஏசியிலோ சார்ஜரிலோ கொஞ்சம் கரண்ட் கசிந்தாலும் அது போக எர்த் வயர்தான் வழி. எர்த் இல்லையென்றால் வண்டியின் பாடி முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும், ஈரத்தரையில் வெறுங்காலோடு தொடுகிறவர் வழியாக இறங்கும். செருப்பு உன்னைக் காப்பாற்றியது, அவ்வளவுதான். சார்ஜர், அடாப்டர்களின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கண்டன்சராலேயே எர்த் இல்லாத பாடியில் 100 வோல்ட்டுக்கு மேல் மீட்டரில் காட்டும். அது தொட்டால் லேசாக விறுவிறுப்பதோடு போய்விடும். சுரீரென்று அடித்தது என்றால் நிஜமான கசிவாகவும் இருக்கலாம், அதனால் வண்டி வயரிங்கை மெகர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்) போட்டு ஒரு தடவை பார்த்துவிடு.

ஆனால் எனக்கு மோட்டார் ரூம் மேல்தான் சந்தேகம். பல தோட்டங்களில் மூன்று பேஸ், அதாவது கரண்ட் வரும் கம்பிகள், மட்டும் ஸ்டார்ட்டருக்கு வரும், ரூமுக்குள் ஒரு பல்பு எரிய வேண்டுமென்றால் ஒரு பேஸையும் மோட்டார் எர்த் கம்பியையும் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். டெஸ்டர் அழகாக எரியும், மீட்டரில் 230 கூட வரும். உன் வண்டிக்கு நியூட்ரலாகப் போவது அந்த எர்த் கம்பி. எர்த் பின்னையும் அதே கம்பியில்தான் முறுக்கியிருப்பார்கள், அது எங்கேயாவது துருப்பிடித்து விட்டுப்போனால் உள்ளே ஓடும் ஃபேன் வழியாகவே 230-ம் பாடிக்கு வந்துவிடும். இன்னொன்று, விவசாய சர்வீஸில் வேறு வேலைக்குக் கரண்ட் எடுப்பது மின்சாரச் சட்டம் 2003, 126-வது பிரிவில் அனுமதியில்லாத உபயோகமாக வரும். ஈபிக்காரன் வந்தால் மாட்டுவது நீ இல்லை, உனக்கு இடம் கொடுத்த தோப்புக்காரர்.

சரி, சொருகுமுன் பார்ப்பது. ஹோல்டரில் 60 வாட்ஸ் குண்டு பல்பு, இரண்டு நல்ல வயர், நுனியில் இன்சுலேஷன் போட்ட முள், அந்த டெஸ்ட் லேம்ப்தான் எனக்கு மீட்டரைவிட நம்பிக்கை. எல்இடி பல்பு வேண்டாம், அது அரைகுறை எர்த்திலும் பளிச்சென்று எரிந்து ஏமாற்றும். பெரிய ஓட்டை மேலே இருக்கும்படி பார்த்தால் வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தால் எரிய வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தால் அதே வெளிச்சத்தில் எரிய வேண்டும், மங்கினால் எர்த் மோசம். அந்த இடத்தில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அறுத்துவிடும் சுவிட்ச்) இருந்தால் பல்பு மினுக்கென்று பட்டு ட்ரிப் ஆகிவிடும், அது நல்ல சகுனம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் எரியவே கூடாது. எர்த் சரியில்லாத இடத்தில் இந்த சோதனை நடக்கும்போது பக்கத்து கிரைண்டர், மோட்டார் பாடியிலெல்லாம் கரண்ட் வரும், அதனால் யாரும் எதையும் தொடாமல் சட்டென்று வைத்து எடு. கையும் காலும் காய்ந்திருக்க வேண்டும். பழக்கமில்லையென்றால் தெரிந்த ஆளை வைத்துச் செய்.

இதிலும் ஒரு கள்ளத்தனம் உண்டு. எர்த் போடாத லாட்ஜில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்திருப்பார்கள், லேம்ப் சோதனையில் பாஸ் ஆகிவிடும். அதே சாக்கெட்டில் ஒரு மல்டி பிளக் போட்டு, கெட்டில் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வை. ஒழுங்கான இடத்தில் கொஞ்சமாவது, ஒரு வோல்ட் பக்கம் ஏறும். கெட்டில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் கவரைக் கழற்றிப் பார்க்காமல் சொருகாதே.

உவரிக்காரன்:

அண்ணாச்சி சொல்வது எல்லாம் சரி, ஆனால் இவ்வளவு சோதனைக்குப் பதில் ஒரு நாலடி ஜிஐ கம்பியை வண்டிப் பக்கத்திலேயே அடித்து, பாடியோடு கிளாம்ப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே? நாங்கள் கடற்கரையில் அப்படித்தான் பந்தல் லைட்டுக்குச் செய்கிறோம். எங்கள் ஊர்க் காற்றுக்கு பிளக் பின்னெல்லாம் பச்சை பூத்துவிடும், அதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

விகேபுரம் வயர்மேன்:

பின் விஷயம் சரி, கருகின பின் இருந்தால் தேய்க்காமல் பிளக்கையே மாற்றிவிட வேண்டும். கம்பி மட்டும் போதாது தம்பி. கடலோர ஈர மண்ணில் பரவாயில்லை, திசையன்விளை தாண்டித் தேரி மணலிலோ, நம்ம பக்கத்துப் பாறை மேட்டிலோ நாலடிக் கம்பி 50 ஓம்ஸுக்குக் குறைந்து கிடைத்தால் அதிர்ஷ்டம். 230-ஐ 50-ஆல் வகுத்தால் நாலரை ஆம்ப்ஸ். 16 ஆம்ப்ஸ் எம்சிபி அதற்கு அசையவே அசையாது, பாடியில் கரண்ட் பாட்டுக்கு நிற்கும். 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி இருந்தால் அதே கம்பியிலேயே உடனே விழுந்துவிடும். ஆகவே இன்லெட்டை ஒட்டி முதலில் அதைப் போடு, இல்லை எம்சிபியும் சேர்ந்த ஆர்சிபிஓ போடு. டபுள் போல் கேட்டு வாங்கு, பேஸும் நியூட்ரலும் சேர்ந்து அறுபட வேண்டும். அதிலும் எர்த் வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு தடவை சொருகிய பிறகும் அதிலுள்ள 'T' என்ற டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்.

அப்புறம் வயர். மூன்று கோர், 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர். 25 மீட்டர் நீளத்தில் 10 ஆம்ப்ஸ் ஓடினால் நாலு வோல்ட்கூட இறங்காது. ஒரு ஸ்கொயரில் ஒன்பது வோல்ட் இறங்கும், இறங்கியதெல்லாம் வயரில் சூடாகத்தான் போகும். டிரம்மில் சுற்றிய வயரென்றால் பாதியை அப்படியே விட்டு ஏசி போடாதே, முழுக்க உருவிவிடு. ஒரு டன் ஏசி ஐந்து ஆம்ப்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்பது, இரண்டும் ஒன்றாக ஓடினால் லாட்ஜ் 6 ஆம்ப்ஸ் பிளக் உருகும், அவர்களும் உன்னைத்தான் திட்டுவார்கள்.

கல்லிடை அக்கா:

என்னைக் கேட்டால் கண்ட இடத்தில் சொருகுவதையே விட்டுவிடலாம். எங்கள் வண்டியில் 12 வோல்ட் 100 ஏஹெச் லித்தியம் பேட்டரி, மேலே சோலார் பேனல். 1200 வாட் ஹவருக்கு மேல் நிற்கும், 30 வாட்ஸ் ஃபேன் இரண்டும் லைட்டும் போனும் ராத்திரி முழுக்க ஓடியும் மிச்சம் இருக்கும். ஏசி ஓடாது, உண்மைதான். சாரலில் குற்றாலத்துக்குப் போய் ஏசி போட்டுத் தூங்குவதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாமே! ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவில் பக்கம் குடில் போட்டவர்களெல்லாம் என்ன ஏசியிலா கிடந்தார்கள்? ஜெனரேட்டர் யோசனை யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், வண்டி ஜன்னல் பக்கம் வைத்தால் புகையே ஆளைக் கொன்றுவிடும்.

பாளை வண்டிக்காரன்:

அக்கா, அப்பாவுக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது, இல்லையென்றால் உங்கள் வழிதான். தோப்புக்காரருக்குப் போன் போட்டேன். அண்ணாச்சி சொன்னபடியேதான், பல்புக்குப் பேஸும் மோட்டார் எர்த்தும், நியூட்ரல் வயரே அங்கே கிடையாதாம். ஆர்சிபிஓ வாங்கப் போகிறேன், 16 போதுமா இல்லை 20 எடுக்கவா? வண்டியிலிருந்து வரும் வயரின் இரண்டு பக்கமும் ஆண் பிளக்காக இருக்கிறது, அது பரவாயில்லையா?

விகேபுரம் வயர்மேன்:

ஐயோ, அந்த வயரை இன்றைக்கே வெட்டிப் போடு! ஒரு பக்கம் சொருகியதும் மறுபக்கப் பின்னில் அம்மணமாகக் கரண்ட் நிற்கும், பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள். வண்டிப் பக்கம் கண்டிப்பாகப் பெண் முனைதான், நீல நிற இண்டஸ்ட்ரியல் வகை வாங்கு. 16 போதும், உன் இன்லெட்டே 16 தானே. வண்டி மெயினை ஆஃப் செய்து, முதலில் வண்டிப் பக்கம் சொருகி, அப்புறம் சுவர்ப் பக்கம். கழற்றும்போது சுவரில் முதலில்.