லிங்க் பாயின்ட் டு பாயின்ட்: ரவுட்டரிலிருந்து பிங் போகிறது, கணினியிலிருந்து போகவில்லை

நூற்கண்டு:
வணக்கம். திருப்பூரில் எங்கள் அலுவலகத்துக்கும் ஊருக்கு வெளியே இருக்கும் குடோனுக்கும் நடுவே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ போட்டிருக்கிறோம். இரண்டு ரேடியோவும் ப்ரிட்ஜ் மோடில் (கேபிள் மாதிரி பாக்கெட்டை அப்படியே கடத்தும்), இரண்டு பக்கமும் லினக்ஸ் ரவுட்டர்.

அலுவலகம்: 192.168.10.0/24, ரவுட்டர் 192.168.10.1, லிங்க் பக்கம் 10.10.10.1/30
குடோன்: 192.168.20.0/24, ரவுட்டர் 192.168.20.1, லிங்க் பக்கம் 10.10.10.2/30

குடோனுக்குத் தனி பிராட்பேண்ட் உண்டு. அந்த ரவுட்டரின் டீஃபால்ட் ரூட் (தனி வழி சொல்லப்படாத பாக்கெட் போகும் பாதை) அதில்தான் போகிறது.

அலுவலக ரவுட்டரில் 192.168.20.0/24க்கு 10.10.10.2 வழியாக ரூட் போட்டாச்சு. ரவுட்டரில் உட்கார்ந்து 192.168.20.1க்கு பிங் அடித்தால் உடனே பதில் வருகிறது. என் கணினி 192.168.10.25இலிருந்து அடித்தால் ஒன்றுமில்லை. ட்ரேஸ்ரூட்டில் (பாக்கெட் போகும் வழியைக் காட்டும் கட்டளை) முதல் வரி 192.168.10.1, அதற்குக் கீழே வெறும் நட்சத்திரம். ஐபி ஃபார்வர்டிங் (ஒரு பக்கம் வரும் பாக்கெட்டை மறுபக்கம் கடத்துவது) இரண்டு ரவுட்டரிலும் 1, அதாவது இயங்குகிறது. குடோன் கேமரா ரெக்கார்டரை (192.168.20.50) இங்கிருந்து பார்க்க வேண்டும். எங்கே தேடுவது?

மின்மினி:
அலுவலக ரவுட்டரில் லிங்க் பக்கம் மாஸ்கரேட் (போகும் பாக்கெட்டில் அனுப்பியவர் முகவரியை ரவுட்டரின் முகவரியாக மாற்றுவது) போட்டுவிடுங்கள். உடனே ஓடும்.

கம்பிவலை:
மின்மினி சொன்னது ஓடும்தான், ஆனால் நான் அதைப் போட மாட்டேன். அலுவலகத்திலிருந்து யார் போனாலும் குடோன் பக்கம் 10.10.10.1 என்றுதான் தெரியும். ரெக்கார்டரை யார் திறந்தது என்று நாளைக்கு லாகில் பார்க்க முடியாது. குடோனிலிருந்து அலுவலகக் கணினிக்கு வர வேண்டும் என்றால் அந்த வழி அப்போதும் திறக்காது.

ரவுட்டரிலிருந்து பிங் போவதை வைத்து ரூட்டிங் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரவுட்டர் தானே அனுப்பும் பாக்கெட்டில் சோர்ஸ் முகவரி 10.10.10.1. குடோன் ரவுட்டருக்கு அது நேரடியாக ஒட்டியிருக்கும் நெட்வொர்க், அதனால் ரூட் எதுவும் போடாமலே திரும்பிவிடும். உங்கள் கணினியின் பாக்கெட்டில் சோர்ஸ் 192.168.10.25. அந்த முகவரிக்கு எப்படித் திரும்புவது என்று குடோன் ரவுட்டருக்கு யாராவது சொன்னார்களா?

மூன்று விஷயம் பாருங்கள். அலுவலக ரவுட்டரிலிருந்தே சோர்ஸாக 192.168.10.1 கொடுத்து பிங் அடியுங்கள். குடோன் ரவுட்டரில் 'ஐபி ரூட் கெட் 192.168.10.25' என்று கேளுங்கள். அப்புறம் அங்கேயே டிசிபிடம்ப்பை (வந்துபோகும் பாக்கெட்டைக் காட்டும் கருவி) லிங்க் பக்கம் ஓட விட்டு ஐசிஎம்பி, அதாவது பிங் பாக்கெட், வருகிறதா பாருங்கள்.

நூற்கண்டு:
சோர்ஸ் மாற்றினால் ரவுட்டரிலிருந்தும் பிங் போகவில்லை! ரூட் கெட் பிராட்பேண்ட் பக்கத்தைக் காட்டுகிறது. டிசிபிடம்ப்பில் என் கேள்வி பாக்கெட் வந்து சேர்கிறது, பதில் மட்டும் இல்லை. புரியாதது ஒன்று: பதில் பிராட்பேண்ட் வழியாகப் போகிறதோ என்று அந்தப் பக்கமும் டம்ப் எடுத்தேன், அங்கேயும் காணோம்.

கம்பிவலை:
நல்ல கேள்வி. பதில் வழி தவறிப் போகவில்லை, பிறக்கவே இல்லை. பெரும்பாலும் அந்த ரவுட்டரில் ஆர்பி ஃபில்டர் 1இல் இருக்கும், அதாவது கண்டிப்பான சோதனை. பாக்கெட் எந்தப் பக்கம் வந்ததோ, அதன் சோர்ஸுக்குத் திரும்பும் வழியும் அதே பக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கர்னல் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். டிசிபிடம்ப் அதற்கு முன்னாலேயே பார்த்துவிடுவதால் பாக்கெட் வந்த மாதிரியே தெரியும். லாக் மார்ஷியன்ஸை (இப்படித் தூக்கிப் போட்டதைப் பதிவு செய்யும் அமைப்பு) 1 ஆக்கிவிட்டு டிமெசேஜ் (கர்னலின் லாக்) பாருங்கள், 'மார்ஷியன் சோர்ஸ்' என்ற வரியில் உங்கள் 192.168.10.25 நிற்கும்.

இதைப் படித்துவிட்டு ஆர்பி ஃபில்டரை அணைக்கப் போய்விடாதீர்கள். அணைத்தாலும் பதில் பிராட்பேண்டுக்குப் போய் அங்கே செத்துப்போகும். குடோன் ரவுட்டரில் 192.168.10.0/24க்கு 10.10.10.1 வழியாக ஒரே ஒரு ரூட் சேருங்கள். இரண்டும் தீரும்.

நூற்கண்டு:
மார்ஷியன் வரி அப்படியே இருந்தது. ரூட் சேர்த்ததும் என் கணினியிலிருந்து 192.168.20.1க்கு பிங் வந்துவிட்டது, மிக்க நன்றிங்க. ஆனால் ரெக்கார்டர் இன்னும் வரவில்லை. குடோனில் இருக்கும் விண்டோஸ் கணினியும் பிங்குக்குப் பதில் சொல்லவில்லை.

தறிச்சத்தம்:
ரெக்கார்டரின் நெட்வொர்க் பக்கத்தில் கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போக வேண்டிய பாக்கெட்டைக் கொடுக்கும் ரவுட்டரின் முகவரி) என்ன இருக்கிறது என்று பாருங்கள். முகவரியைக் கையால் போட்டவர்கள் கேட்வேயைத் தொடாமல் விட்டிருப்பார்கள், நான் போகிற பல இடங்களில் இதுதான் கதை. குடோனுக்குள்ளிருந்து பார்க்கும்வரை கேட்வே தேவைப்படாது, அதனால் யாருக்கும் தெரியவும் தெரியாது. 192.168.20.1 என்று போடுங்கள்.

விண்டோஸ் வேறு கதை. அதன் ஃபயர்வால் சாதாரணமாக பிங்கைத் தன் சப்நெட்டிலிருந்து வந்தால் மட்டும்தான் அனுமதிக்கும். அந்த விதியின் ஸ்கோப்பில் (எந்த முகவரிகளை அனுமதிப்பது என்ற பட்டியல்) 192.168.10.0/24ஐச் சேருங்கள். ஃபயர்வாலை மொத்தமாக நிறுத்த வேண்டாம்.

நூற்கண்டு:
கேட்வேயில் 192.168.1.1 இருந்தது. மாற்றியதும் கேமராப் படம் வந்துவிட்டது. விண்டோஸும் சரி. மாஸ்கரேட் எதுவும் போடவில்லை. இப்போது குடோன் ரவுட்டரை ரீபூட் செய்தால் அந்த ரூட் நிற்குமா?

கம்பிவலை:
கட்டளையில் சேர்த்தது நிற்காது. அங்கே நெட்ப்ளான் (லினக்ஸில் நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் கருவி) என்றால் லிங்க் இன்டர்ஃபேஸுக்குக் கீழே ரூட்ஸ் பகுதியில் எழுதுங்கள். அலுவலகத்திலிருந்தே மாற்றுவதாக இருந்தால் 'நெட்ப்ளான் அப்ளை' அடிக்காமல் 'நெட்ப்ளான் ட்ரை' அடியுங்கள். எழுத்துப் பிழையில் லிங்க் அறுந்து நீங்கள் உறுதிசெய்ய முடியாமல் போனாலும், 120 விநாடியில் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். குடோனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்காது.