கீழ் விஸ்டம் டூத் எடுக்க ஊசி போதுமா, இல்ல முழு மயக்கம் கேக்கலாமா?

பயந்தாங்கொள்ளி_27

வலது பக்கம் கீழ கடைசிப் பல்லு பாதி ஈறுக்குள்ளயே மாட்டிக்கிட்டு, படுத்த வாக்குல அதுக்கு முன்னாடி இருக்குற பல்ல முட்டிக்கிட்டு இருக்கு. ஆறு மாசத்துல மூணு தடவ ஈறு வீங்கிடுச்சு, மாத்திரை போட்டா அடங்கும், திரும்ப வரும். இப்ப டாக்டர் எடுத்துடலாம்னு சொல்லிட்டாரு. ஓபிஜி எக்ஸ்ரேல (முழுத் தாடையும் ஒரே படத்துல தெரியுறது) வேர் நரம்புக்குப் பக்கத்துல தெரியுது, ஒரு ஸ்கேனும் எடுத்துட்டு வாங்கன்னாரு. ஊசி போட்டு மரத்துப்போக வச்சே எடுத்துடலாம்ங்கிறாரு, எனக்கு அந்த டிரில் சத்தத்த நெனச்சாலே உள்ளங்கை வேர்க்குது. முழுசா தூங்க வச்சு எடுங்கன்னு கேட்டா தப்பா? வியாழக்கிழமை எடுத்தா திங்கக்கிழமை வேலைக்குப் போலாமா, என் வேலையே நாள் பூரா ஃபோன்ல பேசுறதுதான். உள்ளத உள்ளபடி சொல்லுங்க, சும்மா தைரியம் சொல்றவங்க வேற யாருக்காவது சொல்லுங்க.

ரெண்டும்போச்சு

ரெண்டு கீழ்ப்பல்லும் வெறும் ஊசிலதான் எடுத்தேன். ஊசி குத்துறது ஒரு அஞ்சு செகண்ட் சுருக்குனு இருக்கும், அவ்ளோதான். உடனே நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது, செத்தேன்னு நெனச்சேன். மருந்துல அட்ரினலின் கலந்திருக்கு, ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கிடும்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க, சொன்ன மாதிரியே அடங்குச்சு. இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் அவங்க கையப் புடிச்சு நசுக்கியிருக்க மாட்டேன்.

வலி சுத்தமா இல்ல, ஆனா தாடையப் புடிச்சு ஆட்டுறது, அழுத்துறது எல்லாம் தெரியும். பல்ல ரெண்டா வெட்டும்போது "கடக்"குனு ஒரு சத்தம் காதுல கேக்காது, மண்டைக்குள்ள கேக்கும். எனக்கு அதுதான் மோசம், அதனால ரெண்டாவது தடவ ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டேன். டாக்டர்கிட்ட கைய தூக்குனா நிறுத்தணும்னு பேசி வச்சுக்கோங்க.

ராத்திரிட்யூட்டி (பல் டாக்டர்)

மரத்துப்போக வைக்கிறது ஒண்ணு, ரத்தக்குழாய்ல மருந்து ஏத்தி அரைத்தூக்கத்துல வைக்கிறது ஒண்ணு (செடேஷன்), முழு மயக்கம் ஒண்ணு. மூணுக்கும் நடுவுல இருக்குற செடேஷன பலபேர் கேக்குறதே இல்ல. மிடசோலம் மாதிரி மருந்து குடுத்தா நீங்க சொல்றதக் கேப்பீங்க, வாயத் தொறப்பீங்க, ஆனா பின்னால பெரும்பாலும் எதுவும் ஞாபகம் இருக்காது. அப்பவும் மரத்துப்போற ஊசி உண்டு. கூட ஒரு ஆள் வரணும், 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது. முழு மயக்கம்னா மயக்க டாக்டர் வேணும், 6 மணி நேரம் சாப்பிடாம இருக்கணும், ஒரு பல்லுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. ஆனா பயத்துல கேக்குறது தப்பே இல்ல, கேளுங்க.

ஈறு வீங்கி இருக்கும்போது போய் உக்காராதீங்க. சீழ் புடிச்ச எடத்துல அமிலத்தன்மை ஜாஸ்தி, மரத்துப்போற மருந்து சரியா ஏறாது. "எனக்கு ஊசியே வேலை செய்யல"னு சொல்றவங்கள்ல நிறைய பேர் கதை இதுதான்.

நரம்பு விஷயம்: கீழ்த்தாடைக்குள்ள ஓடுற அந்த நரம்பு கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு குடுக்குறது. அடிபட்டா அந்தப் பக்கம் மதமதன்னு இருக்கும், வாய் கோணாது, ஏன்னா அது தசைய அசைக்குற நரம்பு இல்ல. பெரும்பாலும் வாரங்கள்ல மாசங்கள்ல திரும்பிடும், அபூர்வமா நின்னுடுறதும் உண்டு. ஸ்கேன்ல வேர் நரம்ப ஒட்டியே இருந்தா மேல்பாகத்த மட்டும் வெட்டி எடுத்துட்டு வேர விட்டுடுற கொரோனெக்டமி பத்திக் கேளுங்க.

சும்மாஇருக்கேன்

எடுத்த அன்னிக்கே வெதுவெதுன்னு உப்புத்தண்ணி ஊத்தி நல்லா கொப்புளிச்சுக்கிட்டே இருங்க, கெட்ட ரத்தம் வெளிய போயிடும்.

சாக்கெட்சபிச்சவள்

ஐயோ மேல சொன்னத யாரும் செஞ்சுடாதீங்க!! அப்படி செஞ்சு அனுபவிச்சவ நான். பல்லு இருந்த குழில ரத்தம் உறைஞ்சு மூடிக்கணும், அதுதான் உள்ள இருக்குற எலும்புக்குப் போர்வை. நான் முதல் நாளே கொப்புளிச்சேன், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினேன், எச்சில துப்பித் துப்பித் தள்ளினேன். மூணாவது நாள் வரைக்கும் பரவால்ல, நாலாவது நாள் சாயங்காலம் காதுக்குள்ள கம்பி விட்டுக் குடையுற மாதிரி ஒரு வலி, வாய்ல ஒரு நாத்தம். அதுதான் ட்ரை சாக்கெட். வலி நாளுக்கு நாள் குறையணும், மூணு நாலு நாள் கழிச்சு கூடுச்சுன்னா யோசிக்காம போய்க் காட்டுங்க. எனக்கு குழியக் கழுவி கிராம்பு வாசம் வர்ற மருந்து ஒண்ணு வச்சு அடைச்சாங்க, பத்து நிமிஷத்துல அழுகை நின்னுச்சு. சிகரெட் புடிக்கிறவங்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் இது வர வாய்ப்பு ஜாஸ்தின்னு அப்பதான் சொன்னாங்க. எனக்கு முன்னாடியே யாரும் சொல்லல.

ராத்திரிட்யூட்டி (பல் டாக்டர்)

கரெக்ட். கொப்புளிக்கிறது 24 மணி நேரம் கழிச்சுதான், அதுவும் தலைய சாய்ச்சு தண்ணிய உருட்டி, துப்பாம வாயிலேர்ந்து வழிய விடணும். பஞ்ச அரை மணி நேரத்துலேர்ந்து ஒரு மணி நேரம் அழுத்திக் கடிங்க, சும்மா சும்மா எடுத்துப் பாக்காதீங்க. எச்சில் செவப்பா வர்றது ஒரு நாள் சகஜம். பல்லு எடுத்தப்புறம் மரமரப்பு போறதுக்கு முன்னாடியே முதல் வலி மாத்திரைய போட்டுடுங்க, பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் சேந்தா நல்லா கேக்கும், ஆனா வயித்துப்புண், கிட்னி பிரச்சனை, ஆஸ்துமா இருந்தா ஐபுப்ரோஃபென கேக்காம தொடாதீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க முன்னாடியே சொல்லணும், தானா நிறுத்தக்கூடாது. வீக்கம் ரெண்டாவது மூணாவது நாள்தான் உச்சம், அத பாத்து பயந்து ஃபோன் பண்றவங்க ஏராளம். மூச்சு விடவோ முழுங்கவோ கஷ்டமானா, காய்ச்சல் வந்தா, ரத்தம் நிக்கவே இல்லன்னா அப்ப உடனே போங்க.

தூங்கிட்டேஎடுத்தேன்

நான் செடேஷன்ல எடுத்தவன். கை ரத்தக்குழாய்ல மருந்து ஏத்துனாங்க, மேல இருந்த லைட்ட எண்ணிக்கிட்டு இருந்தேன், அடுத்து வாய்ல பஞ்சோட உக்காந்திருக்கேன். வீட்டுக்கு வர்ற வழியில நான் என்னென்ன உளறினேன்னு வீடியோ இருக்காம், காட்ட மாட்டேங்கிறாங்க. வெக்கப்படாம கேளுங்க, மயக்க மருந்த உலகத்துக்குக் காட்டுனதே ஒரு வகையில பல் டாக்டருங்கதான், 1844லயே ஹோரஸ் வெல்ஸ்னு ஒருத்தர் சிரிப்பு வாயுவ இழுத்துட்டு இன்னொரு டாக்டர விட்டு தன் பல்லையே புடுங்க வச்சுப் பாத்தாரு. ஆனா திங்கக்கிழமை வேலைங்கிறது பேராசை.

பயந்தாங்கொள்ளி_27

அப்டேட். இன்னிக்கு அஞ்சாவது நாள். ஸ்கேன்ல வேருக்கும் நரம்புக்கும் நடுவுல எடம் இருந்துச்சு, கடைசில ஊசிலயே ஒத்துக்கிட்டேன், ஹெட்ஃபோன் ஐடியாவுக்கு நன்றி. படபடப்பு வந்தப்ப சிரிச்சுட்டேன், தெரிஞ்சுட்டா பயமே இல்ல. நாப்பது நிமிஷம் ஆச்சு. உதடு ராத்திரி வரைக்கும் செத்துப்போய் கெடந்துச்சு, ப, ம ரெண்டும் சொல்லவே வரல, என் பேரே தப்பா வந்துச்சு. சனிக்கிழமை கன்னம் பந்து மாதிரி, முதல் ரெண்டு நாள் ஐஸ் வச்சது ஓரளவு கேட்டுச்சு. வலி குறைஞ்சுக்கிட்டேதான் வருது. ஆனா வேலைக்கு திங்க லீவு போட்டுட்டு இன்னிக்குதான் போனேன், மத்தியானத்துக்குள்ள தாடை இறுகிடுச்சு. வாய்க்குள்ள ரெண்டு விரல் நெட்டுக்குத்தா போகுது, மூணாவது போகல. இது சரியாகுமா?

ராத்திரிட்யூட்டி (பல் டாக்டர்)

ஆகும், தசை இறுக்கம்தான். இப்ப ஐஸ நிறுத்திட்டு வெந்நீர் ஒத்தடம் குடுங்க, தெனம் மெதுவா தொறந்து மூடுங்க, ரெண்டு வாரத்துல மூணு விரலும் போகலன்னா காட்டுங்க. தையல் தானா கரையுற ரகமான்னு கேட்டு வச்சுக்கோங்க, இல்லன்னா ஒரு வாரத்துல பிரிக்கப் போகணும்.