சத்தமாக நன்றாக வாசிக்கிறாள், என்ன படித்தாய் என்றால் முழிக்கிறாள்: பிளஸ் ஒன் ஆங்கிலத்துக்கு என்ன வழி?

துறையூர் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். மகள் பிளஸ் ஒன், மாநிலப் பாடத்திட்டம். எட்டாவது வரை தமிழ் வழி, ஒன்பதிலிருந்து ஆங்கில வழி. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 91 வாங்கினாள், அதனால் அந்தப் பாடத்தைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்பட்டதே இல்லை, கணக்குக்குத்தான் டியூஷன் வைத்தோம்.

இப்போது சட்டம் படிக்க வேண்டும் என்கிறாள். திருச்சியிலேயே தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆனால் அதில் சேர கிளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுதியாக வேண்டும். சரி, எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று ஒரு மாதிரித் தாளை இறக்கி, நேரம் வைத்து எழுதச் சொன்னேன். ஆங்கிலப் பகுதியில் 24 கேள்விக்கு 7 சரி. அவளுக்கே முகம் சுருங்கிவிட்டது. ஒரு பத்தியை எடுத்து வாசி என்றேன், கடகடவென்று தடுமாறாமல் வாசித்தாள், செய்தி வாசிப்பவர் மாதிரி. தெரியாத சொல்லுக்கெல்லாம் அடிக்கோடும் போட்டு வைத்திருக்கிறாள். என்ன சொல்கிறது என்று கேட்டால், "ஏதோ காடு, பழங்குடி, கோர்ட்டு பத்தி வருதுப்பா" என்கிறாள். அவ்வளவுதான்.

அப்புறம் பழைய பள்ளித் தேர்வுத் தாள்களைப் புரட்டினேன். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடி, அந்தச் சொல் வரும் வரியை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். இது எனக்கு இப்போதுதான் கண்ணில் படுகிறது.

எல்லோரும் ஆங்கிலப் பேப்பர் போடச் சொன்னார்கள், போட்டேன். மூன்று மாதமாக மடிப்புக் கலையாமல் பழைய பேப்பர்காரருக்குப் போகிறது. நான் பத்தாவதோடு நின்றவன், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவும் முடியாது. என்ன செய்யலாம்?

சாக்பீஸ் வாத்தியார்:

ஐயா, நான் மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆங்கில ஆசிரியர். அந்த 91-ல் எங்களுக்கும் பங்கு இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். புக் பேக் கேள்வி, ஸ்லிப் டெஸ்ட், ஒரு மார்க் என்றே ஆண்டு ஓடிவிடும். புதுப் பத்தி வந்தால், "கேள்வியில் இருக்கிற சொல்லைத் தேடு, அதற்கு முன்னும் பின்னும் ஒரு வரி எழுது" என்று நாங்களே சொல்லிக் கொடுப்பதுண்டு. பின்தங்கிய பிள்ளையைக் கரையேற்ற அது உதவும். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

உங்கள் மகளுக்குச் சொல் தெரியவில்லை என்பதைவிட வாக்கியம் பிடிபடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தமிழில் "போன வாரம் சீல் வைத்த கடையின் உரிமையாளர் அப்பீல் செய்திருக்கிறார்" என்கிறோம். விவரமெல்லாம் முன்னாலேயே வந்துவிடும், வினை கடைசியில் வந்து வாக்கியத்தை முடிக்கும். இதையே ஆங்கிலத்தில் "த ஓனர் ஆஃப் த ஷாப் தட் வாஸ் சீல்டு லாஸ்ட் வீக் ஹேஸ் அப்பீல்டு" என்பார்கள். ஓனர் முதலிலேயே வந்துவிட்டார், அவருக்குப் பின்னால் கடை, கடைக்குப் பின்னால் சீல், அதற்குப் பின்னால் போன வாரம். அப்பீல் வருவதற்குள் பிள்ளை ஓனரைத் தொலைத்துவிடும். என் வகுப்பில் இந்த வாக்கியத்தை எழுதிப் போட்டு "அப்பீல் செய்தது யார்?" என்று கேட்டால் பாதிப் பேர் கடை என்பார்கள்.

அதனால் நான் செய்வது இதுதான். ஒரு நாளைக்கு ஒரே பத்தி, அதிலும் ஏழெட்டு வரிக்கு மேல் வேண்டாம். கேள்விகளைக் கையால் மறைத்துவிட வேண்டும். பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்திலும் "யார்" என்பதற்கு ஒரு வட்டம், "என்ன செய்தார்" என்பதற்கு ஒரு வட்டம், இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. நடுவில் இருப்பது முதல் தடவைக்கு வேண்டாம். பத்தி முடிந்ததும் தாளை மூடி வைத்துவிட்டு, என்ன சொல்லியிருக்கிறது என்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்வது மாதிரி சொன்னால் போதும். சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம், திரும்ப வாசிக்கட்டும்.

இன்னொன்று. வீட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்டுப் பாருங்கள்: "ஹேட் த ஸ்லூஸ் பீன் ரிப்பேர்டு இன் டைம், த டேங்க் வுட் நாட் ஹேவ் பிரீச்ட்." மதகைச் சரிசெய்தார்களா இல்லையா? ஏரி உடைந்ததா இல்லையா?

கறுப்பு கோட்டுக் கனவு:

சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அந்தத் தமிழில் சொல்லும் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. நான் இப்போது சட்டம் மூன்றாம் ஆண்டு, கிளாட் இரண்டு தடவை எழுதினேன், முதல் தடவை படுதோல்வி.

அங்கிள், அது வெறும் ஆங்கிலத் தாள் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2020-லிருந்து எல்லாமே பத்தி வாசிப்புதான். ஆங்கிலம், பொது அறிவு, சட்டம், தர்க்கம் நான்கிலும் 450 சொல் வரைக்கும் ஒரு பத்தி, அதன் கீழே நான்கைந்து கேள்வி, கணக்கில்கூட ஒரு தகவல் பத்தி கொடுத்துத்தான் கேட்பார்கள். இப்போது மொத்தம் 120 கேள்வி, இரண்டு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய பத்தாயிரம் சொல் வாசிக்க வேண்டியிருக்கும். நிமிடத்துக்கு 200 சொல் என்ற வேகத்தில் போனால் வாசிக்கவே 50 நிமிடம் ஆகும், மீதி 70 நிமிடத்தில் 120 கேள்வி. நிமிடத்துக்கு 120 சொல் என்றால் 83 நிமிடம் வாசிப்பிலேயே போய்விடும். இந்த ஓட்டத்தில் மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. என் முதல் தோல்விக்கு அதுதான் காரணம். தவறான விடைக்கு 0.25 வேறு கழியும்.

அதற்காக இப்போதே கடிகாரத்தை வைத்து விரட்ட வேண்டாம். பிளஸ் ஒன்தான், பிளஸ் டூ படிக்கும்போது டிசம்பரில்தான் தேர்வு வரும். முதல் ஆறு மாதம் சார் சொல்வது போலத் தமிழில் சொல்லட்டும், அப்புறம் மெல்ல விட்டுவிட்டு, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் மூன்று நான்கு ஆங்கிலச் சொல்லில் குறிப்பு எழுதப் பழகட்டும்.

பேப்பர் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, முதல் நாளே தலையங்கத்தில் போய் நிற்பது. தலையங்கம் எழுதுகிறவர் உங்களுக்கு முன்கதை தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுவார். முன்கதை தெரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்தாலும் ஒன்றும் விளங்காது. நான் மாவட்டச் செய்தியில் ஆரம்பித்தேன். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு இடமாற்றம், வாய்க்கால் தூர்வாரல், அதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த கதை, ஆங்கிலம் மட்டும்தான் புதுசு. அதற்கப்புறம் இந்தியன் எக்ஸ்பிரஸில் வரும் எக்ஸ்பிளைன்டு பக்கம், அதில் முதலிலிருந்து விளக்குவார்கள். தலையங்கத்துக்கு வர எனக்கு எட்டு மாதம் ஆனது.

கடைசியாக ஒன்று. மகள் தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு போடுகிறாள் அல்லவா? அவளைக் கவிழ்ப்பது அந்தச் சொற்கள் இல்லை. தெரியும் என்று நினைக்கும் சொற்கள்தான். சட்டப் பத்தியில் "பார்ட்டி" என்றால் வழக்கில் ஒரு தரப்பு. "சூட்" என்றால் வழக்கு. "கன்சிடரேஷன்" என்றால் ஒப்பந்தத்தில் ஒருவர் கொடுப்பதற்கு ஈடாக மற்றவர் தருவது. "சாங்ஷன்" ஒரு இடத்தில் அனுமதி, இன்னொரு இடத்தில் தண்டனை. இதற்கெல்லாம் எந்தப் பிள்ளையும் அடிக்கோடு போடாது. நான் இதற்கென்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன், இன்னமும் இருக்கிறது.

வடமராட்சி ரீச்சர்:

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு, அதாவது உங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி, பொது ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இங்கே நிலைமை இன்னும் மோசம், அந்தப் பாடம் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் ஸ்கோர் என்ற மதிப்பெண் கணக்கில் சேராது, ஆகவே ரியூசனுக்கு ஓடுகிற பிள்ளை அதன் கொப்பியைத் திறந்தும் பார்க்காது.

எல்லோரும் பத்தியை எப்படி வாசிப்பது என்று சொல்கிறீர்கள். அந்தப் பத்தி அவளுக்குப் பொருத்தமானதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஹூ, பால் நேஷன் என்ற இரண்டு மொழி ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. அகராதியோ பிறர் துணையோ இல்லாமல் ஒரு கதையை வடிவாக விளங்கிக்கொள்ள, அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் புதிதாக இருக்கலாம். 450 சொல் பத்தியில் ஒன்பது. உங்கள் மகள் எத்தனை சொல்லுக்குக் கோடு போட்டிருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கோ. இருபது முப்பது என்றால் அது அவளுக்கு வாசிப்பே இல்லை, புதிர்.

ஆகவே தேர்வுப் பத்தி ஒரு பக்கம் நடக்கட்டும், அதோடு லேசான வாசிப்பும் வேண்டும், நிறைய வேண்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம், நான்கு படிநிலைகளில் இருக்கும், பல கதைகள் ஆங்கிலத்திலும் தமிழிலும் கிடைக்கும். பதினாறு வயதுப் பிள்ளைக்குப் படக்கதை கொடுத்தால் வெட்கப்படும். நான் செய்த தந்திரம், "வீட்டில் தம்பி தங்கைக்கு இந்த ஆங்கிலக் கதையை வாசித்துத் தமிழில் சொல்லிக் கொடு, நாளைக்கு அவன் என்ன கேட்டான் என்று எனக்கு வந்து சொல்" என்பது. சின்னவனுக்குச் சொல்ல வேண்டும் என்றால் விளங்காமல் சொல்ல ஏலாது. அவன் "ஏன்?" என்று கேட்பான். படிநிலை நான்கு முடிந்தபின் பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் தளத்தில் வாசிப்புப் பகுதி இருக்கிறது, தொடக்க நிலையான ஏ1-இலிருந்து உயர்நிலையான சி1 வரை தரம் பிரித்திருக்கிறார்கள், கேள்விகளும் உண்டு.

கறுப்பு கோட்டுக் கனவு:

டீச்சர், 98 சதவீதம் என்று காத்திருந்தால் தேர்வே போய்விடுமே. தேர்வில் வருவது அந்தக் கணக்குக்கு அடங்காது.

வடமராட்சி ரீச்சர்:

ஓம் தம்பி, தேர்வில் அடங்காதுதான். நீச்சல் பழகுகிறவரைக் கிணற்றில் தள்ளிவிட்டும் பழக்கலாம், எங்கள் அப்பா அப்படித்தான் பழக்கினார். எனக்கு இன்னமும் தண்ணீர் என்றால் பயம்.

துறையூர் அப்பா:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மூன்று பேருக்கும் நன்றி.

முதலில் ஏரி விஷயம். மகள் "மதகை நேரத்துக்குச் சரிசெய்தார்கள், ஏரி உடையவில்லை" என்றாள், சந்தேகமே இல்லாமல். அப்படியே தலைகீழ் என்பது எனக்கும் நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். ரிப்பேர்டு, நாட், பிரீச்ட் என்ற மூன்று சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு கதை கட்டியிருக்கிறாள். ரீச்சர் சொன்னபடி எண்ணியும் பார்த்தேன், ஒரே பத்தியில் 41 கோடு.

இப்போது இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம். அவள் பத்தியை வாசித்து எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். எனக்கு ஆங்கிலம் தெரியாதது இதில் ஒரு வசதியாகிவிட்டது. நான் பாட்டுக்குக் கேட்கிறேன்: "கேஸ் போட்டது யாரு? நிலம் யார் பேர்ல இருக்கு? அப்ப அவன் எதுக்கு நஷ்ட ஈடு தரணும்?" பதில் இல்லையென்றால் அவளே பேப்பரைத் திரும்ப இழுத்துக்கொள்கிறாள். முதல் வாரம் எரிச்சல்பட்டாள். போன புதன்கிழமை ஒரு பத்தியில் "த கோர்ட் ஹெல்டு" என்று வந்ததை, கோர்ட்டு நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது என்று சொல்லி, மேற்கொண்டு கதை ஒட்டாமல் போய், அரை மணி நேரம் இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் அகராதியைப் பார்த்தால் கோர்ட்டு அப்படித் தீர்ப்புச் சொன்னது என்று அர்த்தமாம். அந்த நாற்பது பக்க நோட்டு வாங்கியாகிவிட்டது, முதல் பக்கத்தில் அதுதான் இருக்கிறது.

படக்கதை நடக்கவில்லை. தம்பிக்கு எட்டு வயது, அவனுக்கு யூடியூப் இருக்கும்போது அக்கா கதை எதற்கு.

நேற்று இன்னொரு தாள் எழுதினாள், இந்தத் தடவை நேரம் வைக்கவில்லை. 24-க்கு 11. அதில் நாலு குருட்டாம்போக்கு என்று அவளே சொல்லிவிட்டாள்.

சாக்பீஸ் வாத்தியார்:

நல்லது ஐயா. குருட்டாம்போக்கில் சரியானதைத் தவறு என்றே கணக்கு வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் விடை பத்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று கைவைத்துக் காட்டினால் மட்டும் மதிப்பெண். அப்படிப் பார்த்தால் இப்போது 7.

துறையூர் அப்பா:

அதைச் சொன்னேன் சார். அப்படியானால் போன தடவை வாங்கிய 7-ல் எத்தனை குருட்டாம்போக்கு என்றும் கேட்டேன். "அத விடுப்பா" என்று சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.