வார்டில் ஆன்டிபயாடிக் வகுப்பு: எதைச் சொல்லிக்கொடுப்பது?

இரவுப்பணி:
செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் ஆன்டிபயாடிக் பற்றி வகுப்பெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. முதலில் ஒரு சின்னத் தேர்வு வைத்துப் பார்த்தேன், வைரஸுக்கு இது வேலை செய்யாது என்று எல்லோரும் சரியாகவே எழுதினார்கள். ஆனால் வார்டில் என்ன நடக்கிறது? கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) பையில் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்று கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புகிறார்கள், ஏதோ ஒரு கிருமி வளர்கிறது, காய்ச்சலே இல்லாதவருக்கு ஊசி ஆரம்பமாகிவிடுகிறது. இவர்களுக்கு என்னதான் சொல்லிக்கொடுக்க?

லேப்_ஆள்:
கதீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் உள்ளே இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி வளரும், அது நோய் அல்ல. அறிகுறி இல்லையென்றால் மருந்து வேண்டாம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப்பாதையில் ரத்தம் கசியும் சிகிச்சைக்குப் போகிறவர்களும்தான் முக்கிய விதிவிலக்கு. கலங்கலும் வாடையும் அறிகுறியில் சேராது. அப்புறம் ரத்தக் கல்ச்சர். முதல் டோஸுக்கு முன்பே எடுக்க வேண்டியதை அதைப் போட்ட பிறகு எடுத்து, பெரியவர்களுக்கான பாட்டிலில் 8 முதல் 10 மில்லி வேண்டிய இடத்தில் அடியில் கொஞ்சமாக ஊற்றி, படிவத்தில் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் நாங்கள் என்ன செய்வது?

மருந்துக்கட்டு:
ஆரம்பிப்பதை விட நிறுத்துவதில்தான் கோளாறு அதிகம். சார்ட்டில் தொடங்கிய தேதி இருக்கும், எதற்காக, எதுவரை என்பது இருக்காது. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கல்ச்சர் முடிவை வைத்துக்கொண்டு மறுபடி யோசிக்க வேண்டும், அதை யார் கேட்பது என்பதே முடிவாகாமல் கிடக்கும். அறுவைக்கு முந்தைய டோஸும் இப்படித்தான். வழக்கமான மருந்துகளைக் கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது மனப்பாடம், ஆனால் டிரெய்ன் (காயத்தின் கசிவை வெளியேற்றும் குழாய்) இருக்கிறதே என்று நாள்கணக்கில் தொடர்வார்கள். மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கோடு, காற்றில்லாமல் வளரும் கிருமிகளுக்கென்று மெட்ரோனிடசோலையும் சேர்த்து எழுதுவார்கள், மெரோபெனமே அந்தக் கிருமிகளைப் பார்த்துக்கொள்ளும். பெனிசிலின் ஒவ்வாமை என்று சிவப்பில் எழுதியிருந்தால் என்ன ஆனது என்று நோயாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். அப்படி முத்திரை குத்தப்பட்டவர்களில் 10 பேரில் 9 பேருக்காவது, சோதித்துப் பார்த்தால் ஒவ்வாமை இருக்காது.

ஜூனியர்_டாக்டர்:
இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார். சீனியர் எழுதியதை ராத்திரி டியூட்டியில் நான் நிறுத்திவிட்டு, விடிந்ததும் காய்ச்சல் வந்தால் யார் பதில் சொல்வது? வகுப்புக்கு அவர்களையும் கூப்பிடுங்கள்.

மருந்துக்கட்டு:
நியாயம்தான். நீங்களாக நிறுத்த வேண்டாம், ரவுண்ட்ஸில் "இது எதுவரை சார்?" என்று கேளுங்கள். செவிலியரும் கேட்கலாம்.

இரவுப்பணி:
சரி, ஸ்லைடு வேண்டாம். பெயரை மறைத்து எங்கள் வார்டு சார்ட்டுகளையே கொண்டுபோகிறேன். சீனியர்களை இழுத்து வருவதுதான் பெரும்பாடு, மதிய உணவு நேரத்தில் வைத்துப் பார்க்கிறேன்.